‘பிராஸ் ஐ’ பார்க்கப் போகிறீர்களா? எதில் தொடங்குவது, எதைக் கவனிப்பது

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நையாண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ‘பிராஸ் ஐ’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். 1997-இல் சேனல் 4-இல் ஆறு பகுதிகள், 2001-இல் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் குறித்த பீதியைப் பற்றி ஒரு சிறப்புப் பகுதி, மொத்தமே அவ்வளவுதான். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். பெயரைக் கேள்விப்பட்டு ஆர்வமாக உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் ‘இதென்ன கன்றாவி’ என்று எழுந்து போனவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் 2001 சிறப்புப் பகுதியில்தான் ஆரம்பித்திருப்பார்கள், ஏனென்றால் அதிகம் சர்ச்சையானது அதுதான், தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். கடைசியாகப் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்தால் வேறென்ன ஆகும்?

சரி, இது என்ன நிகழ்ச்சி? கிறிஸ் மாரிஸ் என்பவர் கோட்டும் டையுமாக வந்து ‘சமூகத்தை உலுக்கும் பிரச்சினை’ ஒன்றை வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு புலனாய்வு செய்வார். விலங்குகள், போதைப்பொருள், அறிவியல், செக்ஸ், குற்றம், சீரழிவு என்று ஆறு தலைப்புகள். தொண்ணூறுகளில் பிரிட்டனில் வந்துகொண்டிருந்த தீவிரமான செய்தி அலசல் நிகழ்ச்சிகளின் அச்சு அசலான நகல் இது. அதிரும் இசை, சுழலும் கிராஃபிக்ஸ், முகத்துக்கு மிக அருகில் கேமரா, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஒரு அழுத்தம், எல்லாம் அப்படியே இருக்கும், சொல்லப்படும் விஷயம் மட்டும் முழுப் பைத்தியக்காரத்தனம்.

இதில் இரண்டு வகையான காட்சிகள் கலந்து வரும். ஒன்று, நடிகர்கள் நடித்தவை. மார்க் ஹீப், கெவின் எல்டன், டூன் மெக்கிக்கன் போன்றவர்கள் வரும் இடங்கள் எல்லாம் அந்த வகை. மாரிஸே பல வேஷங்களில் வருவார், டெட் மால் என்ற கத்திப் பேசும் நிருபர் உட்பட. இன்னொன்று, நிஜமான பிரபலங்களும் நிஜமான நாடாளுமன்ற உறுப்பினர்களும் வருபவை. அவர்களிடம் போய், இல்லாத ஒரு ஆபத்தைப் பற்றி, இல்லாத ஒரு அமைப்பின் பெயரில், ‘மக்களை எச்சரிக்க உங்கள் குரல் வேண்டும்’ என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களும் கேமராவைப் பார்த்து முழு நம்பிக்கையோடு பேசியிருக்கிறார்கள். பிரிட்டனில் வளராத நமக்கு யார் நடிகர், யார் நிஜமான ஆள் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதுதான் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வரும் முதல் சிக்கல். ஒருவர் கேமராவை நேராகப் பார்த்து எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலப் பேசினால், அல்லது பேட்டி கொடுப்பவருக்குக் கீழே பெயர் போட்டு வந்தால், அங்கேயே நிறுத்திப் பெயரைத் தேடிப் பாருங்கள். சிரமமாக இருந்தாலும் செய்யுங்கள். அவர் நிஜமான ஆள் என்று தெரிந்த பிறகு பார்க்கும்போது அதே வாக்கியம் வேறு மாதிரி கேட்கும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொடர் போதைக்கு அடிமையானவர்களைப் பார்த்தோ, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்தோ சிரிக்கவில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் அதைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது, அந்த உறுதியைத் தொலைக்காட்சி எப்படித் தயாரித்துக் கொடுக்கிறது என்பதுதான் குறி. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பகுதியிலும் வழி தப்பாது.

பார்ப்பதற்கு முன் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். பிபிசியின் நியூஸ்நைட், பனோரமா, க்ரைம்வாட்ச் போன்றவற்றின் தொண்ணூறுகளின் பழைய காட்சிகள் இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஒரு பதினைந்து நிமிஷம் பாருங்கள், போதும். எதை நகலெடுத்திருக்கிறார்கள் என்று காது பழகிவிடும்.

அதற்கு அடுத்து மாரிஸ் இதற்கு முன்பு செய்த ‘தி டே டுடே’ என்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சியில் ஒன்றிரண்டு பகுதிகள். அர்மாண்டோ இயனுச்சியும் மாரிஸும் ரேடியோ 4-இல் செய்த ‘ஆன் தி அவர்’ என்ற வானொலி நிகழ்ச்சிதான் 1994-இல் பிபிசி 2-க்கு இந்தப் பெயரில் வந்தது. ஸ்டீவ் கூகனின் ஆலன் பார்ட்ரிட்ஜ் பாத்திரம் பிறந்ததும் இந்த வழியில்தான். இதில் நிஜமான பிரபலங்களை ஏமாற்றும் வேலை இல்லாததால் புதியவர்களுக்கு இது இலகுவான வாசல். ஆஸ்திரேலியாவுக்கும் ஹாங்காங்குக்கும் போர் மூளும் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒரு வணிக ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு தரப்புப் பிரதிநிதிகளும் சமாதானமாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். செய்தி வாசிப்பவர் இருவரையும் மாற்றி மாற்றிச் சீண்டி, ஒரே பேட்டியில் போர் அறிவிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடுவார். போர் என்றதும் அவர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் கவனியுங்கள். அடுத்த நொடியே அரங்கத்தின் அமைப்பே போர்ச் செய்திக்கு ஏற்ற மாதிரி மாறிவிடும், இதற்காகவே காத்திருந்தது போல.

இப்போது ‘பிராஸ் ஐ’. ஒளிபரப்பான வரிசையில் ‘விலங்குகள்’தான் முதல் பகுதி, ஆனாலும் நான் ‘போதைப்பொருள்’ பகுதியில் தொடங்கச் சொல்வேன். தொடரின் முறை முழுவதும் அந்த ஒரே பகுதியில் தெளிவாக விளங்கிவிடும்.

அதில் ‘கேக்’ என்ற ஒரு போதைப்பொருள் வரும். கற்பனைதான். கையில் பிடித்துக் காட்டும் அந்த மாத்திரை பளீர் மஞ்சள் நிறத்தில், வாய்க்குள் போகவே போகாத அளவுக்குப் பெரியதாக இருக்கும். பெர்னார்ட் மேனிங் என்ற நகைச்சுவைக் கலைஞர் வந்து, இதைச் சாப்பிட்ட ஒரு குழந்தை உடம்பில் உள்ள தண்ணீர் முழுவதையும் அழுதே தீர்த்துவிட்டது என்று கோபத்தோடு சொல்வார். பிரபல தொகுப்பாளர் நோயல் எட்மண்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போவார். மூளையில் ‘ஷாட்னர்ஸ் பசூன்’ என்று ஒரு பாகம் இருக்கிறதாம், காலத்தை உணர்வது அதன் வேலையாம், கேக் அதைத் தாக்குவதால் ஒரு நொடி ஒரு மாதம் போலத் தோன்றுமாம். ஷாட்னர் என்பது ஸ்டார் ட்ரெக் நடிகரின் பெயர், பசூன் என்பது ஊதும் வாத்தியம். பிராகில் ஒரு பள்ளி மாணவன் சாலையைக் கடக்கத் தனக்கு ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்து டிராம் வண்டியின் முன்னால் போய்விட்டான் என்று எட்மண்ட்ஸ் சொல்லி முடிப்பார். குரலில் துளி சந்தேகம் கிடையாது. போதை எதிர்ப்பு அமைப்பு என்று சொல்லப்பட்டதன் பெயரைச் சுருக்கினால் ஆங்கிலக் கெட்ட வார்த்தை மாதிரியே வரும், அதற்கும் அங்கே யாரும் தயங்கவில்லை.

இதெல்லாம் வெறும் குறும்பு என்று நினைப்பவர்களுக்கு அடுத்தது. பாசில்டன் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. டேவிட் ஏமெஸும் இந்தப் பொய்ப் பிரச்சாரத்துக்காகக் கேமராவில் பேசினார். பேசியதோடு விடவில்லை. 1996 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ‘கேக்’ பற்றிக் கேள்வி எழுப்பினார். உள்துறை அமைச்சகத்தின் தரப்பிலிருந்து அதற்குப் பதிலும் வந்தது, வேடிக்கைக்காக அல்ல, முறையான பதில். இல்லாத ஒரு பொருள் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது, இன்றைக்கும் அங்கே இருக்கிறது. நிகழ்ச்சியைப் பார்த்து முடித்த கையோடு அந்தப் பதிவைத் தேடிப் படியுங்கள். எனக்கு இந்தத் தொடரிலேயே மிக முக்கியமான இடம் இதுதான், ஏனென்றால் நையாண்டி திரையை விட்டு இறங்கி நிஜ அரசு இயந்திரத்துக்குள் போய்விட்டு வருகிறது. அவர் ஒரே ஒரு தடவை ‘இது என்ன பொருள், எங்கே பரிசோதித்தார்கள்’ என்று ஒரு மருத்துவரைக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

பின்னாளில், 2015-இல், புதுவகைப் போதைப்பொருள்களைத் தடை செய்யும் மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை வகித்ததும் இதே ஏமெஸ்தான். 2021 அக்டோபரில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைக் கொலை செய்துவிட்டார்கள். இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போது இதுவும் தெரிந்திருப்பது நல்லது. அந்த ஒரு கேள்வியைப் பார்த்துச் சிரிக்கலாம், அதற்காக ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் அதற்குள் அடக்கிவிடக் கூடாது.

அதே பகுதியில் மாரிஸ் லண்டன் தெருவில் நிஜமான போதை வியாபாரியிடம் போய் ‘க்ளார்க்கி கேட்’, ‘யெல்லோ பென்டைன்ஸ்’ என்று தானே உருவாக்கிய பெயர்களைச் சொல்லிச் சரக்கு கேட்கும் காட்சி உண்டு. அந்த ஆள் குழம்பிப்போய், அப்படி ஒன்றும் இல்லை என்கிறார். இதையும் பிரபலங்களின் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் அந்த வியாபாரி ஒருவர்தான்.

முதல் பகுதி முடிந்ததும் அடுத்ததைப் போடாமல் அதையே இன்னொரு தடவை பாருங்கள். முதல் தடவை வேகத்திலேயே பாதி போய்விடும். ஒரு வாக்கியத்தில் மூன்று பொய்ச் சொற்கள், கீழே ஓடும் எழுத்தில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று என்று அடுக்கியிருப்பார்கள். இரண்டாவது தடவை ஒலியைக் குறைத்துவிட்டு வரைபடங்களை மட்டும் பாருங்கள். எந்த அளவும் எதையும் அளக்காது, அம்புக்குறி எங்கேயோ ஏறும், பார்க்க மட்டும் அறிவியல் மாதிரி இருக்கும். இதைக் கவனித்துப் பழகியவர்களுக்கு நிஜச் செய்தியில் வரும் வரைபடங்களையும் அதே கண்ணோடு பார்க்க வந்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டாதீர்கள். பாதிச் சொற்கள் எந்த அகராதியிலும் கிடையாது, எழுதியவர்களே உண்டாக்கியவை. மீதியில் பாதி, அந்த இடத்தில் அர்த்தமே தராத வகையில் கோத்தவை. ஆங்கிலம் நன்றாகத் தெரியாததால்தான் புரியவில்லை என்று நம்மில் பலர் தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அந்த வாக்கியம் புரியாது, புரியக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து ‘விலங்குகள்’. தும்பிக்கை தன் பின்புறத்திலேயே சிக்கிக்கொண்ட ஒரு யானைக்காகப் பிரபலங்கள் உருகுவார்கள். அப்புறம் ‘அறிவியல்’. கம்பியிலிருந்து கீழே விழுந்து மனிதர்களை நசுக்கும் ‘கனமான மின்சாரம்’ என்று ஒன்று அதில் வரும். பள்ளியில் இயற்பியல் படித்த எவரும் ஒரு நொடியில் பிடித்துவிடக்கூடிய பொய், ஆனாலும் படித்தவர்கள் அதைக் கேமரா முன்னால் படிக்கிறார்கள்.

‘செக்ஸ்’ பகுதியில் ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். எய்ட்ஸ் பற்றிய ஒரு அரட்டை நிகழ்ச்சி. தொகுப்பாளராக வரும் மாரிஸ், ‘நல்ல எய்ட்ஸ்’, ‘கெட்ட எய்ட்ஸ்’ என்று நோயை இரண்டாகப் பிரிப்பார். ரத்தம் ஏற்றியதில் வந்தால் நல்லது, அனுதாபத்துக்கு உரியது. ஓரினச் சேர்க்கையில் வந்தால் கெட்டது, அவரே தேடிக்கொண்டது. விருந்தினரிடம் எந்த வகை என்று விசாரித்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்காரலாமா என்றே முடிவு செய்வார். பார்க்கக் கஷ்டமான காட்சி. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பத்திரிகைகள் ‘அப்பாவி நோயாளிகள்’ என்று ஒரு சிலரை மட்டும் குறித்து எழுதியபோது, மற்றவர்களைப் பற்றி என்ன சொன்னார்கள்? அதே பிரிவினையைத்தான் சொன்னார்கள், நாகரிகமான சொற்களில். மாரிஸ் அந்த நாகரிகத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டார். ஆறு பகுதிகளிலும் எனக்கு மிகவும் நேர்மையானதாகத் தோன்றும் காட்சி இது.

‘குற்றம்’ அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அரசியலோடு ரொம்ப ஒட்டியிருப்பதால் நமக்கு அவ்வளவாக எட்டாது, ஒரு தடவை பார்த்தால் போதும். ‘சீரழிவு’ ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், ஆனால் அதன் பின்கதை சுவாரசியமானது. தொடர் முதலில் 1996 நவம்பரில் வருவதாக இருந்தது. சேனல் 4-இன் அப்போதைய தலைமை நிர்வாகி மைக்கேல் கிரேட் தள்ளிவைத்தார். வெட்டு, திருத்தம், வாக்குவாதம் எல்லாம் முடிந்து 1997 ஜனவரி கடைசியில்தான் ஒளிபரப்பு தொடங்கியது. பெண்களைத் தொடர்ச்சியாகக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃபைக் கதாநாயகனாக்கி மேடையில் ஒரு இசை நாடகம் என்ற காட்சி பெரிய தகராறானது. கடைசிப் பகுதியில் ஒரே ஒரு ஃபிரேமில், கண்ணுக்கே தெரியாத வேகத்தில், கிரேடைக் கெட்ட வார்த்தையில் திட்டும் ஒரு வரியை மாரிஸ் நுழைத்துவிட்டார். இந்தத் தொடரை ஒளிபரப்பத் துணிந்தவரும் அதே கிரேட்தான் என்பதால் அந்தத் திட்டு எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இந்த ஆறையும் முடித்தவர்கள் 2001 சிறப்புப் பகுதிக்கு வரலாம். ஆனால் அதற்கு முன் 2000-ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டனில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு வாருங்கள். இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

அந்த ஜூலையில் ஒரு எட்டு வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். நாடே துடித்தது, துடிக்க வேண்டிய விஷயம்தான். ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பத்திரிகை குழந்தைகள் மீதான பாலியல் குற்றவாளிகளின் பெயரையும் படத்தையும் அச்சிட ஆரம்பித்தது. ஆகஸ்டில் போர்ட்ஸ்மத் நகரின் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் கூட்டம் இரவு இரவாகத் தெருவில் இறங்கியது, சில வீடுகள் தாக்கப்பட்டன, எந்தத் தப்பும் செய்யாத குடும்பங்களும் வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. வேல்ஸில் ஒரு குழந்தை மருத்துவரின் வீட்டுக் கதவில், அவருடைய தொழிலைக் குறிக்கும் ‘பீடியாட்ரிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறுவர் பாலியல் குற்றவாளியைக் குறிக்கும் ‘பீடோஃபைல்’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு, வசையை எழுதிவிட்டுப் போனார்கள். இந்தக் கடைசிச் சம்பவத்தைப் படிக்கும்போது கவனம் தேவை. கூட்டம் கூடி அவரை அடித்து விரட்டியதாகப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள், நடந்தது கதவில் எழுதியது மட்டும்தான். பீதியைப் பற்றிய கதையே இப்படி ஊதிப் பெரிதாகியிருக்கிறது.

இந்தப் பின்னணியோடு சிறப்புப் பகுதியைப் பாருங்கள். வானொலி தொகுப்பாளர் நீல் ஃபாக்ஸ், இப்படிப்பட்ட குற்றவாளிகளுக்கு மனிதர்களைவிட நண்டுகளோடுதான் மரபணு ஒற்றுமை அதிகம், இது அறிவியல் உண்மை, ஆதாரம் எதுவும் இல்லை, ஆனாலும் அறிவியல் உண்மை என்பார். ஆதாரம் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் உண்மை என்கிறார். நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிளாக்வுட், கணினியின் கீபோர்டிலிருந்து குழந்தைகளை மயக்கும் புகை வரும் என்று சொல்லி, குனிந்து மோந்தும் காட்டுவார். பாடகர் ஃபில் காலின்ஸும் வருவார். சிட் ராப்சன் என்ற லேபர் எம்.பி., இணையத்தில் அயர்லாந்து அளவுள்ள ஒரு பகுதியைக் குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள் என்பார். ராப்சன் எந்தத் தொகுதி தெரியுமா? போர்ட்ஸ்மத் வடக்கு. பால்ஸ்குரோவ் அவருடைய தொகுதிக்குள்தான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு முன்னால் வதந்தியால் தன் மக்களே வீட்டை விட்டு ஓடியதைப் பார்த்த ஒருவர், சரிபார்க்காமல் இன்னொன்றைச் சொல்கிறார். இது தெரியாமல் பார்த்தால் அது ஒரு சாதாரண ஜோக்காகக் கடந்துபோய்விடும்.

ஒளிபரப்பானது 2001 ஜூலை 26. புகார்கள் குவிந்தன. உள்துறை இணை அமைச்சர் பெவர்லி ஹியூஸ் சொல்லத் தகாத அருவருப்பு என்று கண்டித்தார், தான் அதைப் பார்க்கவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். டெய்லி ஸ்டார் நிகழ்ச்சியைக் கண்டித்து எழுதிய பக்கத்திலேயே, 15 வயதுப் பாடகி ஒருவரின் மார்பு வளர்ந்திருப்பதை ரசித்து ஒரு படச் செய்தியும் இருந்தது. அந்தப் பத்திரிகைப் பக்கத்தின் படம் இணையத்தில் கிடைக்கும், கண்டிப்பாகப் பாருங்கள். நிகழ்ச்சி எதைச் சொல்ல வந்ததோ அதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. போதிய முன்னெச்சரிக்கை தரவில்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் சேனல் 4-ஐ மன்னிப்பு ஒளிபரப்பச் சொன்னது. அந்த அளவுக்கு அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அந்த வலியை நேரில் அனுபவித்தவர் ஒருவர் ரிமோட்டை அழுத்தித் தற்செயலாக இதில் வந்து விழுந்தால் என்ன ஆவார் என்று யோசிக்க வேண்டும்.

அதே காரணத்தால்தான் நீங்களும் யாரோடு பார்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். குழந்தைகள் இருக்கும் கூடத்தில் வேண்டாம், அம்மா அப்பாவோடும் வேண்டாம். நண்பர்களோடு என்றால் என்ன மாதிரி விஷயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். துண்டுக் காட்சிகளை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம், பின்னணி இல்லாமல் பார்ப்பவர் அதை நிஜச் செய்தி என்று நம்பி அடுத்தவருக்கு அனுப்பக்கூடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘கேக்’ பிரச்சாரத்தில் வரும் தொலைக்காட்சிப் பிரபலம் ரோல்ஃப் ஹாரிஸ் 2014-இல் பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர். 1997-இல் பார்த்தவர்களுக்கு இல்லாத ஒரு நெருடல் நமக்கு அந்த இடத்தில் இருக்கும்.

எங்கே கிடைக்கும்? பிரிட்டனில் இருப்பவர்கள் முதலில் சேனல் 4-இன் ஸ்ட்ரீமிங் தளத்தில் தேடுங்கள். டிவிடியாக வாங்குவதென்றால் அது பிரிட்டனின் மண்டலம் 2 வட்டு. இந்தியா மண்டலம் 5 என்பதால் இங்கே விற்கும் சாதாரண பிளேயரில் ஓடாது, எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிஷத் துண்டுகளாகப் பார்ப்பதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பகுதியின் வேகம் முழுதாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

எல்லாம் முடித்த பிறகு இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு மாரிஸ் இயக்கிய ‘ஃபோர் லயன்ஸ்’ என்ற 2010 படம் இருக்கிறது. தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடும் நான்கைந்து பேரைப் பற்றியது. அங்கே பிரபலங்கள் இல்லை, யாரையும் ஏமாற்றும் வேலை இல்லை. ‘பிராஸ் ஐ’யின் 1997 பகுதிகளை இயக்கிய மைக்கேல் கம்மிங், தன்னிடம் இருந்த பழைய டேப்புகளிலிருந்து ‘ஆக்சைடு கோஸ்ட்ஸ்’ என்று ஒரு படம் 2017-இல் தொகுத்தார். ஒளிபரப்பாகாத காட்சிகளும் படப்பிடிப்பில் நடந்தவையும் அதில் இருக்கின்றன. அது டிவிடியாகவோ இணையத்திலோ வெளியாகவில்லை, கம்மிங் நேரில் வந்து பேசும் திரையிடல்களில் மட்டும்தான் காட்டப்படுகிறது. பிரிட்டனில் வசிப்பவர்கள் அருகில் உள்ள சிறிய திரையரங்குகளின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், வந்தால் உடனே டிக்கெட் எடுத்துவிடுங்கள். போவதற்கு முன் ஆறு பகுதிகளையும் பார்த்திருக்க வேண்டும், அங்கே காட்டுவது எல்லாம் அவற்றைத் தெரிந்தவர்களுக்கானது.